பாவாயி காட்டில் முளைக்காத விதை

விதையைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று நீங்கள் போட்ட கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்தாள். "நாலு வார்த்தையோடு இவரை நிறுத்த முடியுமென்றால் நான் எப்போதோ நிறுத்தியிருக்க மாட்டேனா?" என்றாள். அவள் கிடக்கட்டும். இலாகாவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் எழுதப்போவது உர அளவும் முளைப்புக் கணக்கும் அல்ல. அதெல்லாம் உங்கள் புத்தகங்களில் என்னைவிட ஒழுங்காகவே இருக்கிறது. என் பெட்டியில் ஒரு பாராட்டுக் கடிதம் இருக்கிறது. நெருக்கடியான நேரத்திலும் நான் என் ஆலோசனையில் உறுதியாக நின்றேன் என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அது சுத்தப் பொய். அந்தப் பொய் என் பெட்டிக்குள் வந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

யுத்த காலம். நான் விவசாய இலாகாவில் டிமான்ஸ்ட்ரேட்டர். நாமக்கல் பக்கத்துக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய், நல்ல விதை, நல்ல உழவு என்று பிரசங்கம் செய்வது வேலை. வயது இருபத்துநாலு. நான் ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பாவும் ஊடையும் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். மண் தெரியாது. ஆனால் படித்திருந்தேன். படித்தவனுக்குத் தெரியாதது இருக்க முடியுமா? அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பக்கம் கடலைக்காய், அதாவது நிலக்கடலை, விதைக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காயைத் தொலித்துப் பருப்பை எடுத்தால், பெரிய பருப்பு சந்தைக்கும் செக்குக்கும் போய்விடும். சோளத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, சுருங்கிக் கிடக்கும் பொடிப் பருப்பு விதைக்கு ஒதுங்கும். கேட்டால், "பொடியும் மொளைக்கத்தானுங்க செய்யுது? ஒரு வள்ளத்துக்கு நெறையாப் புடிக்கும்" என்பார்கள். வள்ளம் என்பது தானியம் அளக்கும் பாத்திரம். விதையை எடைபோடும் பேச்சே அங்கு கிடையாது. எல்லாம் வள்ளக் கணக்குதான். ஒரு ஏக்கர் காட்டுக்கு, அதாவது புன்செய் நிலத்துக்கு, இத்தனை வள்ளம் என்று தாத்தா காலத்திலிருந்து மனப்பாடம்.

இந்த வழக்கத்தை ஒழித்துக்கட்டுவது என்று நான் கிளம்பினேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சொல்லிவைத்து, நிலக்கடலைப் பருப்பைப் பெரிது, சிறிது என்று பிரிக்கும் சல்லடை செய்துகொண்டேன். இரண்டு மண்சட்டிகளில் ஒன்றில் பெரிய பருப்பு, ஒன்றில் பொடி என்று போட்டு வளர்த்து, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போவேன். பெரிய பருப்பின் செடி தண்டு தடித்து, இலை அகன்று நிற்கும். பொடியின் செடி காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை போல நிற்கும். "பருப்புக்குள்ளே இருப்பது செடிக்குக் கட்டிக்கொடுத்த சோறு. பெரிய பருப்பில் சோறு அதிகம்" என்பேன். கூட்டம் தலையாட்டும். எனக்குப் பெருமை தாங்காது.

புதுச்சத்திரம் சந்தையில் ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம். சட்டிகளைக் குனிந்து பார்த்தாள். மண்ணை விரலால் தொட்டாள்.

"ஏனுங்க, ரெண்டு சட்டிக்கும் ஒரே தண்ணிதானுங்களா ஊத்துனீங்க?"

"ஒரே தண்ணிதானுங்கக்கா. காலையில ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு."

"என்ற காட்டுக்குக் காலையில ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு யாருங்க ஊத்துவாங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "மழை ஊத்துமுங்க" என்று நானும் சிரித்துச் சமாளித்தேன். பிள்ளைகளே, என் உத்தியோக காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். அதற்கு நான் சொன்ன பதிலைப் பார்த்தீர்களா?

அவள் பெயர் பாவாயி. புருஷன் நல்லமுத்து பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிப் போனவன். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனிடமிருந்து ஒரு கடுதாசிகூட இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரில் பாதிப்பேர் அவன் போய்விட்டான் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். தாலியைக் கழற்றச் சொல்லிக்கூட யாரோ பேச்செடுத்து, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி. நல்லமுத்துவின் அண்ணன் செங்கோடன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் புருஷன் இல்லாத பெண் தனியாக வெள்ளாமை செய்வது ஆகாத காரியம் என்பது அவர் எண்ணம். தம்பி பங்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டைத் தானே சேர்த்து உழுதுகொள்வதாகவும், அவள் தாய்வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்கட்டும் என்றும் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இந்த ஒரு போகம் அவளே வைத்துப் பார்க்கட்டும், வெள்ளாமை வந்தால் காடு அவளிடம், வராவிட்டால் செங்கோடனிடம் என்று முடித்துவைத்தார்கள். "அவிய திரும்பி வாரப்போ காடு தரிசாக் கெடந்தா நான் என்னங்க பதில் சொல்றது?" என்று என்னிடம் கேட்டாள். வருவாரா என்கிற கேள்வியே அவள் பேச்சில் இல்லை.

அப்படிப்பட்டவள் தன் மூன்று ஏக்கரையும் என் சல்லடையை நம்பி ஒப்படைத்தாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. நான் சொன்னதை முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

விதைப்பு அன்றைக்கே என் முதல் தப்பு வெளியே வந்தது. ஏர் முன்னால் சால் பிடித்துப் போக, பெண்கள் பின்னாலேயே மடியில் பருப்போடு நடந்து, அடிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவார்கள். வழக்கமான வள்ளக் கணக்குக்குத்தான் பாவாயி பருப்பு தொலித்து வைத்திருந்தாள். நானும் சரியென்று சொல்லியிருந்தேன். ஆனால் பருப்பு பெரிதானால் ஒரு வள்ளத்தில் எண்ணிக்கை குறையும் அல்லவா? நூல் எண்ணிக்கையில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பருப்பு எண்ணிக்கையில் நானே ஏமாந்து நின்றேன். கீழ்க்கோடியில் இன்னும் ஒரு துண்டு பாக்கி இருக்கும்போதே மடி காலியாகிவிட்டது.

"இப்ப என்னுங்க பண்றது?" என்றாள் பாவாயி.

நான் சால்களை எண்ணிக் கணக்குப் போடத் தொடங்கினேன். அவளே வீட்டுக்கு ஓடி, சட்னிக்கு என்று ஒதுக்கியிருந்த பொடிப் பருப்பை முறத்தோடு தூக்கிவந்தாள். கடைசித் துண்டில் பொடி விழுந்தது. மற்றதெல்லாம் பெரிது. ஒரே மண், ஒரே நாள், ஒரே ஆழம். நான் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சரியான பரிசோதனை வைத்திருக்க மாட்டேன்.

அந்த ஆடியில் மழை ஏமாற்றிவிட்டது. விதைப்புக்கு முன் பெய்த ஈரம் அரைகுறை. அதற்குப் பிறகு வானம் மூடும், காற்று அடிக்கும், கலைந்துபோகும். ஏழாம் நாள் கீழ்க்கோடித் துண்டில் பொடிப் பருப்பெல்லாம் வரிசையாக முளைத்துப் பச்சையாக நின்றது. மேலே பெரிய பருப்பு போட்ட இடம் முழுக்க வெறும் செம்மண். எட்டாம் நாளும் அப்படியே. ஒன்பதாம் நாளும் அப்படியே.  வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னுங்க, உங்க சோத்து மூட்டை இன்னும் அவுழலீங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஒன்பதாம் நாள் ராத்திரி ஒரு மழை பெய்தது. பெரிய மழை இல்லை, ஒரு உழவுக்குப் போதுமான மழை. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது செங்கோடன் இரண்டு ஏரைப் பூட்டிக்கொண்டு காட்டு ஓரத்தில் நின்றார். பாவாயி வரப்பில் நின்றாள். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள்.

"அம்மிணி, நாஞ் சொல்றதைக் கேளு" என்று செங்கோடன் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "இந்த ஈரம் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். இன்னிக்கே இதை ஓட்டிப்போட்டுப் பொடியைப் போட்டம்னா பாதி வெள்ளாமையாச்சும் கைக்கு வரும். விட்டுப்போட்டா அதுவும் இல்லை."

 அவர் என் பக்கம் திரும்பினார்.

"தறிக்குழியில காலைத் தொங்கப்போட்டு வளந்தவிய பேச்சைக் கேட்டு இப்படி ஆகிப்போச்சு. செரி, போகுது. நீங்களே சொல்லுங்க. ஓட்டறதா, வேண்டாமா?"

எல்லாக் கண்ணும் என் மேல். நான் வேகமாகச் சாலுக்குள் இறங்கி, கையில் பட்ட இடத்தில் ஒரு பருப்பைத் தோண்டி எடுத்தேன். கறுத்து அழுகியிருந்தது. என் மூளை அதோடு நின்றுவிட்டது. அந்த நிமிஷத்தில் நான் நினைத்தது பாவாயியின் காட்டை அல்ல, என் வேலையை. உழுது மூடிவிட்டால் இந்தக் கண்ணராவி கண்ணில் படாமல் மறையும். மழை சரியில்லை என்று ஆபீசுக்கு எழுதிவிடலாம்.

"ஓட்டிடுங்க" என்றேன். "விதை செத்துப்போச்சு."

பாவாயி வரப்பிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்தாள்.

"எத்தனை தோண்டிப் பாத்தீங்க?"

 ஒன்றுதான் என்பது என் கையிலேயே இருந்தது.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு சாலில் மூன்று இடம், அடுத்த சாலில் மூன்று இடம் என்று விரலால் மண்ணை விலக்கி, பருப்பை அசைக்காமல் பார்த்துப் பார்த்து மூடினாள். எறும்பு போல நகர்ந்து போனாள். ஏர் மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன.  கடைசியில் ஒரு பருப்பை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"இதைப் பாருங்க மாமா. உப்பியிருக்குது. தோலு இப்பத்தான் வெடிச்சிருக்குது. நுனியில வெள்ளையா மூக்கு நீட்டுது பாருங்க. பெரிய பருப்புக்குத் தண்ணி நெறையா வேணுமில்லீங்களா? பத்தாமக் குடிச்சும் குடிக்காமயும் கெடந்துருக்குது. ராத்திரி மழையிலதான் வவுறு நெறஞ்சுருக்குது."

"ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும் அம்மிணி."

"பன்னெண்டு பாத்தேன். ரெண்டுதான் அழுகல்."

"வரலியே அம்மிணி! ஒம்பது நாளாச்சே! கூடப் போட்ட பொடியெல்லாம் வந்து நிக்குதே!"

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"வராததெல்லாம் செத்துப்போனது இல்லீங்க மாமா."

அங்கே நின்ற ஒருவருக்கும் அவள் கடலைக்காயை மட்டும் சொல்லவில்லை என்பது தெரியாமலில்லை.  நல்லமுத்து செங்கோடனுக்கு ஒரே தம்பி. அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு மாட்டைத் தானே பிடித்துத் திருப்பினார்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல எங்கிட்டப் பேசப்படாது" என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் நான் விடியற்காலையிலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வெட்கத்தில் வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பாவாயி கோபித்துக்கொள்ளவில்லை. முதல் நாள் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். இரண்டாம் நாள் காக்கை விரட்டும் வேலையைக் கொடுத்தாள். கால்சட்டை போட்ட சர்க்கார் உத்தியோகஸ்தன் கையைத் தட்டிக்கொண்டு காடு முழுக்க ஓடியதை ஊரே பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று ஓடினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் செங்கோடன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். ஏர் கொண்டுவரவில்லை. காட்டின் நடுவில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பயந்துகொண்டே பக்கத்தில் போனேன். சால் நெடுகிலும் மண் பொருக்கு விரிசல் விட்டிருந்தது. ஒவ்வொரு விரிசலிலும் ஒரு தடித்த வெள்ளைத் தண்டு, குனிந்த முதுகால் மண்ணை முட்டித் தூக்கிக்கொண்டிருந்தது.

"அம்மிணி! அடே, அம்மிணி! இங்க வா சாமி! வந்து பாரு!" என்று அவர் போட்ட சத்தம் புதுச்சத்திரத்துக்கே கேட்டிருக்கும். பாவாயி ஓடி வந்தாள். பார்த்தாள். அப்படியே சாலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை என்று செங்கோடன் பிறகு என்னிடம் சொன்னார்.

அப்புறம் மூன்று வாரம் மழை இல்லை. பெரிய பருப்பின் செடிகள் பருப்பில் இருந்த சோற்றைத் தின்று, வேரை ஆழமாக விட்டு, அசையாமல் நின்றன. முதலில் வந்த பொடிச் செடிகள் துவண்டுவிட்டன. நான் புத்தகத்தில் படித்தபடியே எல்லாம் நடந்தது. என் மூஞ்சியில் மறுபடியும் கொஞ்சம் பெருமை வந்திருக்க வேண்டும். ஒருநாள் போனபோது பாவாயி ஊர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, அந்தக் கீழ்க்கோடித் துண்டுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, அது போனாப் போகுது. மேல இருக்கறதே போதுமே" என்றேன்.

"போனாப் போகுதுன்னு எப்பிடிங்க உடறது? மொதல்ல வந்து எனக்குத் தெம்பு குடுத்தது இதுகதானுங்களே. மண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு இதுகளைப் பாத்துத்தான் நான் தைரியமா இருந்தேன்."

நான் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு குடத்தை வாங்கிக்கொண்டேன். மறுநாள் செங்கோடனும் குடத்தோடு வந்தார். துண்டில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது.

வெள்ளாமை நன்றாகவே வந்தது. காடு அவளிடமே நின்றது. காய் பறிக்கும் நேரத்தில் என் மேலதிகாரி பார்வையிட வந்தார். என் அறிக்கையில், நிலத்தை மறுபடி உழாமல் காத்திருக்கும்படி ஆலோசனை கூறப்பட்டது என்று எழுதியிருந்தேன். கூறியது யார் என்று எழுதவில்லை. கெட்டிக்காரத்தனம்! அவர் பாவாயியை அழைத்தார்.

"எல்லோரும் உழச் சொன்னபோது இந்தப் பையன்தான் வேண்டாம் என்று தடுத்தானா, அம்மா?"

என் காது சூடாகிவிட்டது. செங்கோடன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பாவாயி என்னை ஒருதரம் பார்த்தாள்.

"ஆமாங்க. அவிய கூடவே நின்னாங்க" என்றாள்.

அதிகாரி என் முதுகில் தட்டினார். பாராட்டுக் கடிதம் பின்னால் வந்தது. அவர் போனதும் நான் அவளிடம் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பயத்துல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்க. யாருக்குத்தான் பயமில்லீங்க? எனக்கும்தான் இருந்துச்சு. ஆனா மறாநாள் வந்தீங்களே! தப்பாச் சொன்னவிய அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டாங்க. நீங்க மூணு நாளும் வந்து காக்கா ஓட்டுனீங்க. நாஞ் சொன்னது பொய்யில்லீங்க" என்றாள்.

 கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கடிதத்தை இதுவரை நான் யாருக்கும் காட்டியதில்லை.

பிள்ளைகளே, பெரிய விதையைச் சிபாரிசு செய்யுங்கள். அது நல்லதுதான். ஆனால் சட்டியில் ஊற்றிய தண்ணீர் காட்டுக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வள்ளக் கணக்கை நம்பாமல் எண்ணிப் பாருங்கள். ஈரம் குறைவான வருஷத்தில் பெரிது தாமதிக்கும் என்பதை விதைக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பருப்பைத் தோண்டிவிட்டு ஒரு காட்டுக்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் மறுநாளும் அங்கே போய் நில்லுங்கள். அடுத்தவருடைய வருஷம் முழுக்க உங்கள் வாயில் இருக்கிறது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் என்னை ஆத்தூருக்கு மாற்றியிருந்தார்கள். ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் வாசலில் ஒருவர் வந்து நின்றார். எலும்பும் தோலுமான உடம்பு. காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. கையில் ஒரு துணிப்பை.

"யாருங்க?" என்றேன்.

"புதுச்சத்திரத்துப் பக்கமுங்க. பாவாயி ஊட்டுக்காரனுங்க."

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் பையை மேஜைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே சல்லடையில் சலித்து எடுத்த நிலக்கடலைப் பருப்பு, எல்லாம் ஒரே அளவாக, பெரிது பெரிதாக.

"வெதைக்குப் பொறுக்குனதுங்க. உங்ககிட்டக் குடுத்துப்போட்டு ஒரு சேதியும் சொல்லிட்டு வரச் சொன்னாளுங்க."

"என்ன சேதிங்க?"

அவர் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார்.

"பாக்கி நின்ன ஒண்ணும் மொளச்சு வந்துபோட்டுதுன்னு சொல்லச் சொன்னாளுங்க."